சூல் வெளியேற்றத்தின் உடற்குறிகள்

சூலகத்திலிருந்து முதிர்ந்த முட்டை வெளியேறும் காலத்தை ஒட்டிப் பெண்ணுடலில் தோன்றும் மாற்றங்கள் சூல் வெளியேற்றக் குறிகள் எனப்படும். வெளியேறிய முட்டை 12 முதல் 24 மணி நேரமே உயிர்த்திருக்கும். விந்தணுவோ பெண்ணுடலில் 5 நாள் வரை வாழவல்லது. ஆகவே ஒரு சுழற்சியில் கருத்தங்கக்கூடியவை முட்டை வெளியேறும் நாளும் அதற்கு முந்திய 5 நாட்களுமே. பிள்ளைப்பேற்றை விரும்பும் தம்பதியர் ஒவ்வொருவரும் இக்குறிகளை அறிந்திருத்தல் வேண்டும்.

வரலாறு

கருத்தரிப்புக்கு உகந்த நாட்களை வரையறுத்த தமிழ் நூல்களில் தொன்மையானது தொல்காப்பியம். பரத்தையிடம் பிரிந்து சென்ற கணவனும் மனைவிக்கு மாதப் பூப்பு (மாதவிடாய்) தோன்றிய பின் 12 நாட்கள் அவளை நீங்கி உறைதல் அறமன்று என அதன் கற்பியல் என்னும் பகுதி விதிக்கின்றது. முதல் மூன்று நாளும் கூட்டத்துக்கு உரியவை அல்ல என்பது உரை மரபு. அவற்றை விலக்கி எண்ணினால் 4ஆம் நாள் முதல் 15ஆம் நாள் வரை அமையும். 28 நாள் சுழற்சியில் முட்டை வெளியேறுவது 14ஆம் நாளளவில் என்பதால், கருத்தங்கும் நாட்கள் முழுவதும் இவ்வெல்லைக்குள் அடங்குகின்றன. வடமொழி நூல்களுள் சுசுருத சங்கிதை 12 இரவுகளையும், மனு நூல் மாதவிடாய் நாட்களையும் உட்படுத்தி 16 இரவுகளையும் கருத்தரிப்புக்குரிய இருதுகாலமாகக் கூறும்.

1920களில் ஜப்பானின் ஒகினோவும் ஒஸ்திரியாவின் குனௌசும், தனித்தனியே ஆராய்ந்து, முட்டை வெளியேறும் நாளை அடுத்த மாதவிடாயிலிருந்து பின்னோக்கி எண்ணவேண்டும் என நிறுவினர். இதன்படி 35 நாள் சுழற்சியுடைய பெண்ணுக்கு அது 21ஆம் நாளளவில் நிகழும். 14ஆம் நாளையே எல்லோருக்கும் பொதுவாகக் கொள்வது தவறு.

வகைகள்

குறிகள் மூவகைப்படும்.

முன்னறிவிக்கும் குறி: ஈஸ்திரஜன் ஓமோன் உயரும்போது கருப்பைக் கழுத்துச் சளி நீர்த்து, தெளிந்து, முட்டை வெள்ளைக்கருவைப் போல் இழுபடும்; பிறப்புறுப்பில் ஈரமும் வழுக்கலும் உணரப்படும். இதை ஒரு முறையாக வகுத்தவர்கள் மெல்பேர்ண் மருத்துவத் தம்பதியரான ஜோன், எவ்லின் பில்லிங்ஸ். இப்பணி 1953இல் தொடங்கியது. உலக சுகாதார நிறுவனம் பெங்களூர், மணிலா, டப்ளின், ஓக்லண்ட், சான் மிகுவேல் ஆகிய இடங்களில் 869 பெண்களிடம் நடத்தி 1981இல் வெளியிட்ட ஆய்வில், 93 சதவீதமானோர் முதற் சுழற்சியிலேயே இக்குறியைக் கண்டு பதிந்தனர். செலவற்றதும் நம்பத்தக்கதுமான குறி இதுவே.

உடனிகழும் குறி: அடிவயிற்றின் ஒரு பக்கத்தில் சில மணி நேரம் நீடிக்கும் குத்து. சிலருக்கு மிகச் சிறிதளவு இரத்தக்கசிவும் உண்டு. எல்லோருக்கும் தோன்றாமையால் இது துணைச்சான்று மட்டுமே.

பின்னர் உறுதிசெய்யும் குறி: புரொஜெஸ்தரோன் ஓமோனால் உடல் வெப்பம் 0.2 முதல் 0.5 பாகை செல்சியஸ் வரை உயர்ந்து அடுத்த மாதவிடாய் வரை நிலைக்கும். காலையில் படுக்கையை விட்டு எழுமுன் அளத்தல் வேண்டும். இம்மாற்றத்தை நியூயோர்க் மருத்துவர் மேரி பட்னம் ஜேக்கோபி 1870களில் கவனித்தார். 1904இல் நெதர்லாந்தின் வான் டி வெல்டே அதைச் சூலகத் தொழிற்பாட்டுடன் தொடர்புபடுத்தினார். வெப்பம் உயர்ந்தபின் காத்திருந்து கூடுவது பயன் தராது. அதற்குள் முட்டை வெளியேறியிருக்கும். சில மாதப் பதிவுகள் அடுத்த சுழற்சியைக் கணிக்க உதவும்.

குறைபாடுகள்

காய்ச்சல், தூக்கமின்மை, பாலூட்டல், சூலகக் கட்டிகளோடு கூடிய ஓமோன் குழப்பம் ஆகியவற்றால் குறிகள் பிறழலாம். நாற்றம், அரிப்பு, நிறமாற்றத்துடன் கூடிய வெள்ளைபடுதல் நோயின் அறிகுறி. அதைக் கருவளக் குறியாகக் கொள்ளலாகாது.

இன்றைய நிலை

முட்டை வெளியேற்றத்தைத் தூண்டும் எல்.எச். ஓமோனைச் சிறுநீரில் காட்டும் சோதனைப் பட்டிகள் பார்மசிகளில் கிடைக்கின்றன; முட்டை வெளியேறுவதற்கு 24 முதல் 36 மணி நேரம் முன் அவை மாற்றம் காட்டும். இலங்கையின் பொதுச் சுகாதாரச் சேவையில் தம்பதியர் குடும்பநல உத்தியோகத்தரிடம் ஆலோசனை பெறலாம். ஓராண்டு முயன்றும், பெண் 35 வயதைக் கடந்தவராயின் ஆறு மாதம் முயன்றும், கருத்தரிக்காவிடின் கணவன் மனைவி இருவரும் மருத்துவப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.