ஊதாவுக்கு அப்பால் ஒரு பூ

1793ல் ஜெர்மனியின் ஷ்பாண்டாவில் தலைமையாசிரியராக இருந்த கிறிஸ்டியான் கொன்ராட் ஷ்ப்ரெங்கல் ஒரு புத்தகம் வெளியிட்டார். பூவிதழின் புள்ளிகளும் கோடுகளும் சும்மா அழகுக்காக இல்லை, தேன் இருக்கும் இடத்தைப் பூச்சிக்குக் காட்டும் கைகாட்டிகள் என்றார். அன்று அதைப் பெரிதாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு அவர்மேல் தனிப் பிரியம் உண்டு. அவர் கண்டது கைகாட்டிகளில் ஒரு பகுதியைத்தான். மீதியைக் காட்டும் ஒளியே அப்போது கண்டுபிடிக்கப்படவில்லை.

எட்டு வருடம் கழித்து யோஹான் வில்ஹெல்ம் ரிட்டர், நிறமாலையில் ஊதாவுக்கு அப்பால், கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத இடத்தில் வெள்ளிக் குளோரைடை வைத்தார். அங்கேதான் அது மிக வேகமாகக் கறுத்தது. ஆக, புற ஊதாவை முதலில் காட்டிக்கொடுத்தது வெள்ளி உப்பு. பின்னால் புகைப்படச் சுருளிலும் வேலை செய்தவை வெள்ளி உப்புகளே.

1924ல் ஆல்ஃப்ரெட் கூன் தேனீக்கள் புற ஊதாவைப் பார்க்கின்றன என்று காட்டினார். அதே ஆண்டு நியூயார்க்கின் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஃபிராங்க் லட்ஸ், பூக்களின் புற ஊதாவைப் பற்றிய தன் ஆய்வை வெளியிட்டார்.

இந்தப் படம் எடுப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. சாதாரணக் கண்ணாடி லென்ஸ் புற ஊதாவில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். குவார்ட்ஸ் லென்ஸ் வேண்டும், கண்ணுக்குத் தெரியும் ஒளியை மறிக்கும் ஃபில்டர் வேண்டும். டிஜிட்டல் கேமரா என்றால் சென்சார் மேலிருக்கும் தடுப்பு ஃபில்டரையும் கழற்ற வேண்டும்.

வட அமெரிக்கக் காட்டுப்பூவான ருட்பெக்கியாவை இரண்டு ஒளியிலும் எடுத்த படங்களைப் பாருங்கள். நம் ஒளியில் இதழ் முழுக்க மஞ்சள். புற ஊதாவில் நுனி வெளுத்து, அடி கறுத்து, நடுவில் பெரிய கறுப்பு வட்டம். 1972ல் தாமஸ் ஐஸ்னரின் குழு அந்தக் கறுப்புக்குக் காரணம் ஃபிளேவனால் நிறமிகள் என்று கண்டது. வெயிலின் புற ஊதாவிலிருந்து செடியைக் காப்பதும் இதே வகை நிறமிதான்.

என்னை உலுக்கியது 2020ல் வந்த ஒரு ஆய்வு. உலர்தாவரச் சேகரிப்புகளில் 1941 முதல் 2017 வரையிலான 42 இனங்களின் 1,238 பூக்களைப் புற ஊதாவில் படமெடுத்தார்கள். இந்த நிறமி சராசரியாக ஆண்டுக்கு 2% கூடியிருக்கிறது. ஓசோன் குறைந்த இடங்களில் மகரந்தம் வெளியே தெரியும் பூக்கள் கறுத்தன. மகரந்தத்தை மூடிவைத்த பூக்களில், வெப்பம் ஏறிய இடங்களில், நிறமி குறைந்தது.

இதழ் முழுக்கக் கறுத்துவிட்டால் ஷ்ப்ரெங்கலின் கைகாட்டி எங்கே இருக்கும்? நமக்கு அந்தப் பூ அப்போதும் அதே மஞ்சளாகத்தான் தெரியும்.