கைமாறாத கருவி: மென்பொருள் ஆக்குநரின் அறப்பொறுப்பு – தென்மாவட்டச் சான்றுகளை முன்வைத்து

வள்ளியூரிலிருந்து ராதாபுரம் வழியாகத் தெற்கே இறங்கினால் கடலை ஒட்டிக் கூடங்குளம். தலா 1000 மெகாவாட் திறனுள்ள இரண்டு அணு உலைகள் அங்கே இயங்குகின்றன. 2019 அக்டோபர் 28 அன்று, சந்தேகத்துக்குரிய கோப்புகளைச் சோதிக்கும் வைரஸ்டோட்டல் தளத்தில் ஏறியிருந்த ஒரு தீநிரலுக்குள், அந்த அணுமின் நிலையத்தின் வலையமைப்புக்கு உரிய நிர்வாகிக் கணக்கின் பெயர் பொதிந்திருந்தது ஆய்வாளர்கள் கண்ணில் பட்டது. மறுநாள் நிலையத்தின் சார்பில் மறுப்பு வந்தது: கட்டுப்பாட்டு அமைப்புகள் தனித்து இயங்குபவை, இணையவழித் தாக்குதலுக்கு இடமே இல்லை என்றார்கள். அக்டோபர் 30 அன்று இந்திய அணுமின் கழகம் வேறு அறிக்கை தந்தது. தீநிரல் இருந்தது உண்மை. செப்டம்பர் 4 அன்றே, இணையப் பாதுகாப்புக்கான அரசு அமைப்பான செர்ட்-இன் தகவல் சொல்லிவிட்டது. பாதிப்பு நிர்வாக வேலைக்கான, இணையத்தோடு தொடர்புள்ள ஒரு கணினியில் மட்டுமே. உலைகளை இயக்கும் அமைப்புகள் பாதிக்கப்படவில்லை.

அந்தத் தீநிரலின் பெயர் டிட்ராக். வடகொரியாவோடு தொடர்புள்ளதாகச் சொல்லப்படும் லாசரஸ் கும்பலின் கைவரிசை என்று காஸ்பர்ஸ்கி நிறுவனம் அதற்கு முந்தைய மாதமே அதைப் பற்றி எழுதியிருந்தது. அது செய்கிற வேலைகளை உற்றுப் பார்க்க வேண்டும். கணினியின் ஐபி முகவரியைக் குறித்துக்கொள்ளும். எந்தெந்த நிரல்கள் ஓடுகின்றன என்று பட்டியல் எடுக்கும். எந்தெந்த இணைப்புகள் திறந்திருக்கின்றன என்று பார்க்கும். வட்டுகளிலுள்ள கோப்புகளை எண்ணும். விசைப்பலகையில் தட்டுவதையும் பதிவு செய்யும். அந்தக் கடைசி வேலையைத் தவிர, இவற்றில் பெரும்பாலானவை ஒரு கல்லூரிக் கணினி ஆய்வகத்தின் பொறுப்பாளர் அன்றாடம் செய்கிற வேலைகள்தாம். அவர் விண்டோஸில் கறுப்புத் திரையைத் திறந்து எதைக் கேட்கிறாரோ அதையேதான் உளவு நிரலும் கேட்கிறது.

டிட்ராக்கை எழுதியவர்களின் குற்றம் பற்றிப் பேச அதிகமில்லை, திருடுவதற்கென்றே எழுதினார்கள். நல்ல நோக்கத்தோடு எழுதிய கருவி கெட்டவன் கைக்குப் போகும்போது எழுதியவரின் பொறுப்பு என்ன என்பதே கடினமான கேள்வி. நெல்லைப் பக்கம் இதற்குக் கிடைக்கும் பதில் தெரிந்ததுதான்: வெட்டினவனை விட்டுவிட்டு, அரிவாள் அடித்துக் கொடுத்த கொல்லரையா பிடிப்பார்கள்?

இந்த வாதத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. நம் சட்டமும் பெரும்பாலும் இதன் மேல்தான் நிற்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 79-ஆம் பிரிவு, பிறர் பதிவிட்டதற்காக இடைநிலை நிறுவனங்களைப் பிடிப்பதிலிருந்து காக்கிறது. ஷ்ரேயா சிங்கல் வழக்கில் 2015 மார்ச் 24 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், நீதிமன்ற ஆணையோ அரசின் அறிவிக்கையோ வந்த பிறகும் நீக்காவிட்டால்தான் அந்தப் பாதுகாப்பு போகும் என்று வரையறுத்தது. பேச்சுரிமையைக் காக்க அது தேவையான தீர்ப்பு. ஆனால் சட்டம் எங்கே தண்டிக்கும் என்ற எல்லையை அறம் எங்கே தொடங்கும் என்ற எல்லையாக எடுத்துக்கொள்வது பிழை.

கொல்லர் வாதத்துக்குள் சொல்லாமல் விட்ட ஒரு நிபந்தனை இருக்கிறது. அரிவாள் கைமாறுகிறது. காசு வாங்கிய நொடியோடு கொல்லருக்கும் அதற்குமான தொடர்பு அறுந்துபோகிறது. அது வாழைத்தார் வெட்டுகிறதா, ஆளை வெட்டுகிறதா என்று அவருக்குத் தெரியாது, தெரிந்தாலும் தூரத்திலிருந்து அதன் முனையை மழுக்க அவரால் முடியாது. இன்றைய மென்பொருளில் பெரும்பகுதி அப்படிக் கைமாறுவதே இல்லை. அது ஆக்கியவரின் வழங்கியில் ஓடுகிறது, அப்டேட் மூலம் மாறுகிறது, கணக்கு வைத்திருப்பவர் யார் என்பதைப் பதிவு செய்கிறது, வேண்டும்போது அந்தக் கணக்கை மூடவும் செய்கிறது. ஆகவே ஆக்குநரின் பொறுப்பை அவருடைய நோக்கத்தைக் கொண்டு அளப்பதைவிட, கருவியின் மீது அவருக்கு மிஞ்சியிருக்கும் பிடியைக் கொண்டு அளப்பதே சரி என்பது இக்கட்டுரையின் வாதம்.

இதற்கு நெருக்கமான சான்று தாமிரபரணி வட்டாரத்திலேயே உண்டு. ஜோஹோ நிறுவனம் 2011-இல் தென்காசி அருகே மத்தளம்பாறையில் அலுவலகம் தொடங்கியபோது அது திருநெல்வேலி மாவட்டம். சுற்று வட்டாரப் பிள்ளைகள் ஊரைவிட்டுப் போகாமல் உலகத்துக்கு மென்பொருள் எழுதலாம் என்று காட்டிய இடம் அது. இந்த மாவட்டங்களுக்கு அது தந்த தன்னம்பிக்கை பெரிது. 2018 செப்டம்பர் 24 அன்று அந்த நிறுவனத்தின் இணைய முகவரியே திடீரென்று முடக்கப்பட்டது. முகவரியைப் பதிவு செய்து கொடுத்த டியராநெட் நிறுவனம், ஜோஹோ மின்னஞ்சல் வழியாக மோசடி நடப்பதாக வந்த புகார்களைக் காரணம் காட்டி அதை நிறுத்திவைத்தது. உலகெங்கும் வாடிக்கையாளர்களின் அலுவல் நின்றது. நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு ட்விட்டரில் பகிரங்கமாக உதவி கேட்க வேண்டியதாயிற்று.

வந்த புகார்கள் மூன்றே. இரண்டில் உடனே நடவடிக்கை எடுத்தோம், மூன்றாவது விசாரணையில் இருந்தது என்றது ஜோஹோ. டியராநெட் செய்தது அத்துமீறல் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதே வாரத்தில் கோஃபென்ஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்ட தகவல் வேறு பக்கத்தைக் காட்டியது. தாங்கள் ஆராய்ந்த விசைப்பதிவு நிரல்களில் 40 சதவீதம், திருடிய கடவுச்சொற்களை வெளியே கடத்த ஜோஹோ மின்னஞ்சலைப் பயன்படுத்தின என்றது அது. இலவசக் கணக்கு எளிதில் கிடைத்ததே காரணம். ஜோஹோ இதை மறுத்துக்கொண்டு நிற்கவில்லை. இலவசக் கணக்குகளுக்கும் கைப்பேசி எண் சரிபார்ப்பைக் கட்டாயமாக்குவதாகவும், ஐயத்துக்குரிய உள்நுழைவுகளைக் கண்காணிப்பதாகவும் அறிவித்தது.

அந்த அறிவிப்புதான் இங்கே முக்கியம். கணக்குத் திறக்கும் பக்கத்தில் ஒரு கட்டம் கூடுகிறது, ஓர் ஓடிபி வருகிறது. திருடனுக்கு நூறு கணக்கு திறப்பது கடினமாகிறது. எந்தக் கொல்லராலும் விற்ற அரிவாளுக்கு இதைச் செய்ய முடியாது.

மூன்றாண்டு கழித்து இதே நிறுவனத்தின் மேனேஜ்எஞ்சின் பிரிவு வேறு வகையான சோதனையைச் சந்தித்தது. ஊழியர்கள் தங்கள் கடவுச்சொல்லைத் தாங்களே மாற்றிக்கொள்ள உதவும் ஏடிசெல்ஃப்சர்வீஸ் பிளஸ் என்ற மென்பொருளில், கடவுச்சொல் இல்லாமலே உள்ளே நுழைய வழிவிடும் ஓட்டை இருந்தது. 2021 செப்டம்பர் தொடக்கத்தில் நிறுவனம் அதை அடைக்கும் பேட்சை வெளியிட்டது. செப்டம்பர் 16 அன்று அமெரிக்காவின் எஃப்பிஐ உள்ளிட்ட அமைப்புகள் கூட்டாக எச்சரித்தன. ஆயினும் நவம்பர் 9 அன்று, பேட்ச் போடப்படாத ஒரு வழங்கி வழியாக, பன்னாட்டுச் செஞ்சிலுவைச் சங்கத்தின் அமைப்புக்குள் யாரோ நுழைந்தார்கள். கண்டுபிடித்தது 2022 ஜனவரி 18-இல். பறிபோனவை 5,15,000-க்கும் மேற்பட்டோரின் விவரங்கள்: போரிலும் பேரிடரிலும் குடும்பத்தைப் பிரிந்தவர்கள், காணாமற்போனவர்கள், சிறையில் இருப்பவர்கள். காணாமற்போன மகனின் படத்தை மார்போடு பிடித்து வருடக்கணக்கில் வீதியில் உட்கார்ந்திருக்கும் ஈழத்துத் தாய்மாரை அறிந்த தமிழருக்கு, அந்தப் பட்டியல் தவறான கைக்குப் போவது எத்தகையது என்று விளக்க வேண்டியதில்லை.

பேட்சைக் காலத்தில் போடவில்லை என்று செஞ்சிலுவைச் சங்கம் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டது. அப்படியானால் ஆக்கியவரின் கணக்கு தீர்ந்துவிட்டதா? முழுமையாகத் தீரவில்லை. ஓட்டை அவருடையது. அதே சமயம், வாடிக்கையாளரின் சொந்த வழங்கியில் ஓடும் மென்பொருளின் மீது அவருடைய பிடி, மின்னஞ்சல் சேவையின் மீது இருப்பதைவிடக் குறைவு. பிடி குறைந்த இடத்தில் கடமையின் வடிவம் மாறுகிறது. பேட்சைத் தளத்தில் போட்டுவிட்டு ஓய்வது போதாது. இன்னும் போடாதவர் யார் என்று தேடிப் போய்த் திரும்பத் திரும்பச் சொல்வதும் அந்த வேலையின் பகுதியாகிறது. கணினியியலாளர்களின் பன்னாட்டு அமைப்பான ஏசிஎம் 2018-இல் திருத்திய நெறிமுறையும், நினையாமல் விளைந்த தீங்கையும் இயன்ற அளவு சரிசெய்யும் கடமை அதற்குக் காரணமானவருக்கு உண்டு என்றே சொல்கிறது.

இந்த வாதத்துக்கு வலுவான எதிர்ப்பு ஒன்று உண்டு. பிடிதான் பொறுப்பு என்றால், ஆக்குநர் ஒன்று பிடியை விட்டுவிட்டுக் கைகழுவப் பார்ப்பார், அல்லது பிடியை இறுக்கி எல்லாரையும் கண்காணிக்கத் தொடங்குவார். இரண்டும் நடந்திருக்கின்றன. இரண்டாவது அபாயம் சென்னை உயர் நீதிமன்றத்திலேயே விவாதமாயிற்று. சமூக ஊடகக் கணக்கை ஆதாரோடு இணைக்கக் கோரி 2018-இல் தொடர்ந்த வழக்கு, வாட்ஸ்அப் செய்தியை முதலில் அனுப்பியவரைக் கண்டுபிடிப்பது பற்றியதாக வளர்ந்தது. ஒவ்வொரு செய்தியோடும் அனுப்பியவரின் அடையாளத்தைச் சேர்த்தனுப்பலாம் என்று சென்னை ஐஐடி பேராசிரியர் வி. காமகோடி 2019-இல் யோசனை சொன்னார். மும்பை ஐஐடி பேராசிரியர் மனோஜ் பிரபாகரன் அதை மறுத்து எழுதினார். மறுப்பின் பக்கமே நியாயம் அதிகம். தீயவன் அடையாளத்தை மாற்றிக்கொள்வான். மாட்டுவது ஊழலைப் பற்றி எழுதிய அப்பாவி ஊழியர்.

ஆனால் செய்தியைப் படிக்காமலே செய்யக்கூடியது நிறைய. 2018 மே மாதம் பிள்ளைபிடிப்பவர்கள் வந்திருப்பதாக வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியது. போளூர் அருகே குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த 65 வயது மூதாட்டியை ஊரார் அடித்தே கொன்றார்கள். குலதெய்வக் கோயிலுக்கு வழி தேடி வந்தவர் அவர். நாடெங்கும் இப்படிக் கொலைகள் தொடர்ந்த பிறகே, ஜூலை 20 அன்று, இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் ஃபார்வர்ட் செய்ய முடியாதபடி செய்வதாக வாட்ஸ்அப் அறிவித்தது. படத்துக்குப் பக்கத்தில் இருந்த விரைவு ஃபார்வர்ட் பொத்தானையும் எடுத்தது. 2020 ஏப்ரலில், ஏற்கெனவே பலமுறை கைமாறி வந்த செய்தியை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்ப முடியும் என்று சுருக்கியது. அத்தகைய செய்திகளின் பரவல் 70 சதவீதம் குறைந்ததாக நிறுவனமே சொன்னது. யாருடைய செய்தியையும் திறந்து படிக்கவில்லை. மாற்றியது பொத்தானை, மாறியது வேகம். ஆக்குநரின் பிடி உள்ளடக்கத்தின் மேல் இருக்க வேண்டியதில்லை, கருவியின் அமைப்பின் மேல் இருந்தால் போதும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. இவ்வளவு எளிய மாற்றம் மே மாதத்துக்கு முன்பே வந்திருக்கலாமே என்ற கேள்விக்கு அந்த நிறுவனம் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறது.

ஆக்குநர் தாமதித்தால் நீதிமன்றம் வரும். நீதிமன்றத்தின் கையில் இருப்பது பெரிய சம்மட்டி. திருநெல்வேலியையும் தன் எல்லைக்குள் கொண்ட உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2019 ஏப்ரல் 3 அன்று டிக்டாக் பதிவிறக்கத்துக்குத் தடை விதித்தது. ஏப்ரல் 24 அன்று நிபந்தனையோடு நீக்கியது. அதற்கிடையே, அதுவரை 60 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடியோக்களை நீக்கியதாக நிறுவனம் சொன்னது. செய்ய முடியாதது என்று எதுவும் இருக்கவில்லை.

கடன் செயலிகளை இந்த வரிசையில் வைக்கக் கூடாது. அவற்றில் நடந்தது தவறான பயன்பாடு அன்று, திட்டமிட்ட பயன்பாடு. ஐயாயிரம் ரூபாய்க் கடன் கேட்பவரின் திரையில் ‘தொடர்புகளை அணுக அனுமதி’ என்று எழும் சின்னக் கட்டத்தை ஒருவர் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். கடன் கொடுக்க அத்தையின் எண்ணும் அலுவலக மேலாளரின் எண்ணும் எதற்கு என்று அவர் கேட்டிருக்க வேண்டும். தவணை தவறினால் அந்த எண்களுக்கெல்லாம் வசைச் செய்தி போகும் என்பதுதான் அதன் பயன். ரிசர்வ் வங்கியின் பணிக்குழு 2021 நவம்பர் அறிக்கையில், சுமார் 1100 கடன் செயலிகளில் 600 சட்டவிரோதமானவை என்று கண்டது. தொடர்புப் பட்டியலைத் தொடக் கூடாது என்ற விதி 2022 செப்டம்பர் 2 அன்று வந்தது. அதற்குள் எத்தனையோ குடும்பங்கள் தெருவில் தலைகுனிந்துவிட்டன. சம்பளத்துக்கு எழுதும் இளைஞரின் பிடி சிறியதுதான். வேலையை இழக்கும் பயம் உண்மையானது. அதனால் பொறுப்பு குறைகிறது, இல்லாமற்போவதில்லை.

நிரலைப் பொதுவில் வைத்துவிடும் கட்டற்ற மென்பொருளாளர் இதன் மறுமுனை. 2019 செப்டம்பரில் அமெரிக்கக் குடியேற்ற அமலாக்கத் துறைக்கு செஃப் நிறுவனம் மென்பொருள் விற்பதை அறிந்த சேத் வார்கோ என்ற பொறியாளர், தாம் முன்பு எழுதிப் பொதுவில் வைத்த நிரலை எடுத்துவிட்டார். நிறுவனம் வேறு படியிலிருந்து அதை மீட்டுக்கொண்டது. ஆனால் சில நாட்களில், ஒப்பந்தம் முடிந்ததும் புதுப்பிக்க மாட்டோம் என்று அறிவித்தது. நிரலின் மேல் பிடி போன பிறகும் அவருக்குக் குரல் மிஞ்சியிருந்தது.

இனி இங்கே செய்ய வேண்டியது. தமிழ்நாடு அரசு 2020-இல் வெளியிட்ட பாதுகாப்பான, அறம்சார்ந்த செயற்கை நுண்ணறிவுக் கொள்கை, ஓர் அமைப்பை மதிப்பிடும் கூறுகளில் ஒன்றாகத் தவறான பயன்பாட்டிலிருந்து பாதுகாப்பையும் வைத்திருக்கிறது. நல்ல தொடக்கம். வள்ளியூர் வட்டாரக் கல்லூரிகளும் இணைந்துள்ள அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 பாடத்திட்டத்திலோ, பொறியியல் அறம் பற்றிய தாள் விருப்பப்பாடமாகவே இருந்தது. அதன் கடைசி அலகில், ஆயுத உருவாக்கம் முதலிய தலைப்புகளுக்கு நடுவே, கணினி அறத்துக்கு ஒரே ஒரு வரிதான். ஆனால் அதே தாளின் இன்னோர் அலகு, பொறியியலைச் சமூகத்தின் மீது நடக்கும் சோதனையாகப் பார்க்கச் சொன்னது. சோதனை ஓடும் வரை சோதிப்பவர் அருகில் இருந்தாக வேண்டும் என்பது அந்தப் பார்வையின் உட்பொருள். இறுதியாண்டு மாணவர் செயலி செய்து காட்டும்போது, இது ஓடுகிறதா என்று கேட்கும் தேர்வாளர், இதை ஒருவர் தீங்குக்குப் பயன்படுத்தினால் உனக்கு எப்படித் தெரியவரும், தெரிந்தால் எந்த வரியை மாற்றுவாய் என்றும் கேட்டு அதற்கு மதிப்பெண் தர வேண்டும்.

நிறுவனங்களில் மாற வேண்டியது புகார் போகும் பாதை. 2021-இல் வந்தபோது இடைநிலை நிறுவன விதிகள், புகாரை 24 மணி நேரத்தில் ஏற்று 15 நாளில் தீர்க்கக் குறைதீர் அலுவலரை நியமிக்கச் சொல்லின. 2022 அக்டோபர்த் திருத்தம், நிறுவனத்தின் விதிகளைத் தமிழ் உள்ளிட்ட எட்டாம் அட்டவணை மொழிகளிலும் கிடைக்கச் செய்யச் சொல்கிறது. ஆனால் விதிமுறையைத் தமிழில் வாசிக்க முடிவது வேறு, நடந்த கொடுமையைத் தமிழில் எழுதினால் அதைப் புரிந்துகொள்ளும் ஆள் மறுமுனையில் இருப்பது வேறு. அந்தப் புகார் குறைதீர் அலுவலரின் மேசையோடு நின்றுவிடாமல், அதற்குக் காரணமான பொத்தானை எழுதிய பொறியாளரின் திரை வரை, பிழைத்திருத்தப் பட்டியலில் ஓர் எண்ணோடு, போய்ச் சேர வேண்டும்.