கறளும் மண்ணெண்ணெயும்: யாழ்ப்பாணத்துப் பழைய கார்கள்

ஒரு பொருளின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அது உற்பத்தியான ஆண்டிலே தொடங்கி, உற்பத்தி நின்ற ஆண்டிலே முடித்துவிடுவர். யாழ்ப்பாணத்தில் ஓடிய ஆங்கிலேயக் கார்களுக்கு இம்முறை பொருந்தாது. அவற்றின் வரலாற்றில் முதன்மையான பகுதி உற்பத்தி நின்ற பின்னரே தொடங்குகின்றது.

அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்த மொறிஸ் மைனர் 1948இல் இலண்டன் கண்காட்சியில் அறிமுகமாகி, 1971 வரை உற்பத்தி செய்யப்பட்டது. ஒஸ்ரின் ஏ40 சமசெற் 1952 முதல் 1954 வரையே வெளிவந்தது. இவை இலங்கை மத்தியதர வர்க்கத்தினரின் வாகனங்களாகவும் வாடகைக் கார்களாகவும் வழங்கின. 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடி காரணமாகக் கார் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. எனவே, இருந்த காரைப் பேணுவதன்றி வேறு வழியிருக்கவில்லை. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பின்னர் யப்பானியக் கார்கள் பெருகியபோதும், பழையவை முற்றாக மறையவில்லை.

கடற்காற்று வீசும் குடாநாட்டில் இவற்றின் முதற் பகை கறளேயாகும். சமசெற் காருக்குத் தனியான அடிச்சட்டம் உண்டு. மொறிஸ் மைனருக்கோ அஃதில்லை; உடலே சுமையைத் தாங்குகின்றது. ஆதலால் அதன் கதவடிப் பகுதியிற் கறள் பிடிப்பது அழகுக் குறைபாடன்று, வலிமைக் குறைபாடாகும். உக்கிய தகட்டை வெட்டியெடுத்து, புதிய தகட்டைச் சுத்தியலால் தட்டி வளைத்துப் பொருத்தும் ரிங்கர் வேலை இக்காரணத்தாலேயே இன்றியமையாததாயிற்று. இவ்வேலை கராஜில் மட்டுமன்றி, வீட்டு முற்றத்து மரநிழலிலும் நடைபெற்றது.

1990 யூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டதும் நிலைமை அடியோடு மாறிற்று. குடாநாட்டுக்கு மின்சாரம் அற்றுப்போயிற்று. பெற்றோலும் பற்றறியும் உதிரிப்பாகங்களும் தடைசெய்யப்பட்டன. கட்டுப்படுத்தப்பட்ட அளவில் வந்த மண்ணெண்ணெயே வாகனங்களுக்கும் எரிபொருளாயிற்று. மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் எளிதில் ஆவியாவதில்லை. ஆகவே சிறு போத்தலிலிருந்து சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்கு ஊட்டி எஞ்சினை இயக்கினர். அது சூடேறிய பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். எஞ்சின் குளிர்ந்தால் மீண்டும் பெற்றோல் வேண்டும்.

இம்மாற்றத்தைப் பழைய கார்களே சிறப்பாகத் தாங்கின என்பது நோக்கத்தக்கது. மண்ணெண்ணெய் உயர்ந்த அமுக்கத்தில் ஒழுங்கின்றி வெடித்து எரியும். சமசெற்றின் எஞ்சினிலும், 1952இன் பின்னர் மைனரில் இடம்பெற்ற 803 சீ.சீ. எஞ்சினிலும் அமுக்க விகிதம் ஏறத்தாழ 7:1 மாத்திரமே. மேலும், 803 சீ.சீ. எஞ்சினில் எரிபொருட் கலவை உட்செல்லும் குழாயும் புகை வெளியேறும் குழாயும் ஒரே பக்கத்தில் அமைந்திருந்தமையால், அவ்வெப்பம் மண்ணெண்ணெயை ஆவியாக்கத் துணைபுரிந்தது. இதற்குரிய விலையும் இருந்தது: கரும்புகை எழுந்தது, எஞ்சினுட் கரி படிந்தது, எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி எஞ்சின் ஓயிலின் தடிப்பைக் குறைத்தது.

இங்கு ஒரு முரணையும் காணலாம். குடாநாட்டுக்கு ஓர் உதிரிப்பாகம் வந்துசேர்வதே அரிதாயிருந்த அதே 1990களில், இலங்கையிற் செய்யப்பட்ட மொறிஸ் மைனர் உடற்றகடுகள் பிரித்தானியாவுக்கு அனுப்பப்பட்டன. அங்கு பழைய காரைப் புதுப்பித்தல் பெரிதும் பற்றினால் விளைந்தது. யாழ்ப்பாணத்தில் அது தேவையினால் விளைந்தது. நோயாளியை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லவும் மணமக்களை ஏற்றிச்செல்லவும் ஒரு கார் ஓடியே ஆகவேண்டியிருந்தது.

2002இல் ஏ9 வீதி திறக்கப்பட்டதும் எரிபொருளும் புதிய வாகனங்களும் வந்தன. மண்ணெண்ணெய்க் கார்களின் காலம் முடிவுக்கு வந்தது. இன்று பழைய கார் மதிப்புமிக்க சேகரிப்புப் பொருளாகிவிட்டது. அதனைத் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த வடிவுக்கே மீட்பதுதான் சரியான புதுப்பித்தல் என்ற கருத்தும் வலுப்பெற்றுள்ளது. இக்கருத்து மீளாய்வுக்குரியது. இடையிற் பொருத்தப்பட்ட எரிபொருட் குழாய், கையால் தட்டிய தகடு, வேறு வாகனத்திலிருந்து கழற்றிப் பூட்டிய பாகம் ஆகியவற்றைப் பழுதெனக் கருதி அகற்றும்போது, பெயர் அறியப்படாத மெக்கானிக்குகளின் அறிவுக்கான சான்றும் அகற்றப்படுகின்றது. அவர்கள் ஏட்டில் எதையும் எழுதிவைத்தவர்களல்லர். அவர்களது ஏடு அந்தக் கார்தான்.

ஆகவே, கறளை நீக்குவோர் நீக்குக. ஆயின் கழற்றிய பாகத்தை வீசுமுன், அது எக்காலத்தில், எத்தேவைக்காகப் பொருத்தப்பட்டது எனக் கேட்டுப் பதிந்துவைத்தல் வேண்டும். அவ்வேலையைச் செய்த கைகளுக்குரியோர் பலர் முதுமையடைந்துவிட்டனர். அவர்களிடம் கேட்பதற்குரிய காலம் நீண்டதன்று.