மறைச்சொல்லைத் தந்தவரும் தாளில்தான் எழுதிவைத்தார்

வங்கிக்கு ஒரு மறைச்சொல், மின்னஞ்சலுக்கு ஒன்று, மின்கட்டணத்திற்கு ஒன்று, பேரப்பிள்ளையின் பள்ளிச் செயலிக்கு மற்றொன்று. இத்தனையையும் எப்படி நினைவில் வைப்பது? நாட்குறிப்பின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைத்துவிட்டு, பிள்ளைகளிடம் ஏச்சு வாங்கும் பெற்றோர் நம்மிடையே நிறைய பேர். எழுதிவைத்தது அவர்கள் குற்றமல்ல, எழுதிவைத்த இடம்தான் தவறு என்பதை வரலாற்றின் துணைகொண்டு விளக்க விரும்புகிறேன்.

1960களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்விக்கழகத்தில் பேராசிரியர் ஃபெர்னாண்டோ கோர்பட்டோவின் குழு ஒரே கணினியைப் பலர் பகிர்ந்துகொள்ளும் முறையை உருவாக்கியது. ஒருவர் கோப்பை மற்றவர் பார்க்காதிருக்க ஆளுக்கொரு மறைச்சொல் தரப்பட்டது. கணினியில் மறைச்சொல் பழக்கத்துக்கு வந்தது அங்கேதான். அதற்கு முதல் ஆபத்தும் அங்கேயே நேர்ந்தது. ஆய்வு மாணவர் ஆலன் ஷெருக்கு வாரத்திற்குச் சில மணி நேரமே கணினியில் ஒதுக்கப்பட்டிருந்தது. அது போதாததால் 1962இல் எல்லாருடைய மறைச்சொற்களும் இருந்த கோப்பை அச்சிட்டு எடுத்துக்கொண்டார். பல ஆண்டுகள் கழித்து அவரே இதை ஒப்புக்கொண்டார்.

மறைச்சொல்லை அப்படியே எழுதிவைத்தால் திருடு போகும் என்பது புரிந்தது. ஆகவே அதை உருமாற்றிச் சேமிக்கும் வழி பிறந்தது. அரைத்த மாவை மீண்டும் அரிசியாக்க முடியாதல்லவா, அதுபோல. ஆனால் 1979இல் பெல் ஆய்வுக்கூடத்தின் ராபர்ட் மோரிசும் கென் தாம்சனும் வெளியிட்ட கட்டுரை வேறோர் உண்மையைச் சொன்னது. அவர்கள் ஆராய்ந்த 3,289 மறைச்சொற்களில் 86 விழுக்காடு எளிதில் கண்டுபிடிக்கக்கூடியவை. அவற்றில் 15 ஒரே ஓர் எழுத்தால் ஆனவை! பூட்டு வலுவாக இருந்தும் சாவி மெலிந்திருந்தது.

இதற்கு மருந்தாக விதிகள் வந்தன. 2003இல் அமெரிக்கத் தர நிர்ணயக் கழகத்தின் பில் பர் எழுதிய வழிகாட்டி உலகமெங்கும் பரவியது. பெரிய எழுத்து, சிறிய எழுத்து, எண், குறியீடு எல்லாம் கலந்திருக்க வேண்டும், அடிக்கடி மாற்றவும் வேண்டும் என்றார்கள். விளைவு என்ன? மக்கள் பழைய சொல்லின் கடைசி எண்ணை மட்டும் மாற்றினார்கள். ஒரே சொல்லைப் பத்து இடங்களில் பயன்படுத்தினார்கள். 2009இல் ராக்யூ நிறுவனத்திலிருந்து 32 மில்லியன் மறைச்சொற்கள் கசிந்தபோது முதலிடத்தில் இருந்தது 123456. பர் தம் அறிவுரைகள் பலவற்றுக்காக வருந்துவதாக 2017இல் வெளிப்படையாகச் சொன்னார். அதே ஆண்டு அந்த விதிகளும் தளர்த்தப்பட்டன.

நம் பகுதியும் இதற்கு விலக்கல்ல. 2014இல் சிங்கப்பூரில் 1,560 சிங்பாஸ் கணக்குகளில் உரியவர் அறியாமல் பிறர் நுழைந்திருக்கலாம் எனத் தெரியவந்தது. மறு ஆண்டே, மறைச்சொல்லோடு ஒருமுறை மட்டும் செல்லும் எண்ணையும் கேட்கும் இரண்டு கட்டச் சரிபார்ப்பு நடைமுறைக்கு வந்தது.

இதற்கிடையே, மனிதரைத் திருத்துவதைவிட அவருக்கு ஒரு பெட்டகம் தருவதே மேல் என்று சிலர் எண்ணினர். மறையாக்க வல்லுநர் புரூஸ் ஷ்னையர் 1997இல் 'பாஸ்வேர்ட் சேஃப்' என்ற மென்பொருளை வெளியிட்டார். எல்லா மறைச்சொற்களும் பூட்டிய ஒரே கோப்பில் இருக்கும். அதைத் திறக்கும் தலைமைச் சாவி ஒன்றை மட்டும் நினைவில் வைத்தால் போதும். 2003இல் 'கீபாஸ்' வந்தது. கணினி ஒன்றாக இருந்தவரை இம்முறை வசதியாக இருந்தது. கைத்தொலைபேசியும் பலகைக் கணினியும் சேர்ந்ததும், ஒன்றில் மாற்றியது மற்றொன்றில் இல்லையே என்ற சிக்கல் எழுந்தது. அதைத் தீர்க்கவே பெட்டகத்தை இணையம்வழி எல்லாக் கருவிகளுக்கும் கொண்டுசேர்க்கும் சேவைகள் தோன்றின. 2008இல் வந்த லாஸ்ட்பாஸ், 2016இல் வந்த பிட்வார்டன் ஆகியவை அந்த வகை. பெட்டகம் நம் கருவியிலேயே பூட்டப்பட்டு, பூட்டிய நிலையில்தான் நிறுவனத்திற்குச் செல்கிறது.

பூட்டிய பெட்டகமே களவு போனால்? 2022இல் அதுவும் நடந்தது. லாஸ்ட்பாஸ் வாடிக்கையாளர்களின் பெட்டகப் பிரதிகள் திருடப்பட்டன. உள்ளிருந்த மறைச்சொற்கள் பூட்டியே இருந்தன. ஆனால் தலைமைச் சாவியைச் சுருக்கமாக வைத்திருந்தவர்களுக்கு ஆபத்து. திருடன் வீட்டில் உட்கார்ந்து எத்தனை முறை வேண்டுமானாலும் முயன்று பார்க்கலாம் அல்லவா?

ஆகவே தேர்ந்தெடுக்கும்போது விளம்பரத்தைப் பார்க்காமல் நான்கு கேள்விகள் கேளுங்கள். உங்கள் கணினி, கைத்தொலைபேசி இரண்டிலும் அது இயங்குமா? வெளியார் அதன் பாதுகாப்பைச் சோதித்திருக்கிறார்களா? இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு உண்டா? நாளை வேறு சேவைக்கு மாற நினைத்தால் எல்லாவற்றையும் எடுத்துச்செல்ல முடியுமா? தலைமைச் சாவியாக, தொடர்பில்லாத நான்கைந்து சொற்களைக் கோத்து வையுங்கள். பழமொழியோ பாடல் வரியோ வேண்டாம்.

இன்னொன்றும் உண்டு. தலைமைச் சாவியை மறந்தால் பெரும்பாலான நிறுவனங்களால் அதை மீட்டுத்தர இயலாது. குடும்பத் தலைவர் திடீரென மறைந்தால், வீட்டார் வங்கிக் கணக்கு விவரமும் குடும்பப் படங்களும் கிட்டாமல் தவிப்பர். அந்தச் சாவியை ஒரு தாளில் எழுதி, உறையிலிட்டு, உயில் இருக்கும் இடத்திலேயே பூட்டிவையுங்கள். ஒருவரிடமாவது சொல்லிவையுங்கள்.

தாளில் எழுதுவதா என்று தயங்க வேண்டாம். 2019இல் மறைந்த பேராசிரியர் கோர்பட்டோ, மறைச்சொற்கள் பெருந்தொல்லையாகிவிட்டன என்று 2014இல் ஒரு நேர்காணலில் வருந்தினார். தம்முடையவற்றைத் தட்டச்சு செய்த தாள்களில் குறித்துவைத்திருந்ததையும் சொன்னார். மறைச்சொல்லை நமக்குத் தந்தவரின் நிலையே அதுவென்றால், நாம் வெட்கப்பட என்ன இருக்கிறது? நாட்குறிப்பைப் பூட்டக் கற்றுக்கொண்டால் போதும்.