கண் கண்டதும் கை அறிந்ததும்



ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் செல்லும் சாலையை உங்களுள் பலர் அறிவீர்கள். நான் ஆசிரியப் பணியில் சேர்ந்த காலத்தில் அதன் இருமருங்கும் ஏரிகளும் நெல்வயல்களும் வேர்க்கடலைக் கொல்லைகளுமே கண்ணுக்குத் தென்பட்டன. இன்று அவ்வட்டாரத்தில் மோட்டார் வண்டிகளும் கைப்பேசிகளும் கண்ணாடிப் பலகைகளும் உருவாகின்றன. சென்ற ஆண்டு ஒருநாள் ஒரகடம் நாற்சந்தியில் பேருந்துக்காகக் காத்து நின்றேன். தொழிற்சாலைச் சீருடை அணிந்த ஒருவர் அருகே வந்து வணங்கினார். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன் எட்டாம் வகுப்பில் என்னிடம் பயின்றவர் அவர். என்ன வேலை பார்க்கிறாய் என்று வினவினேன்.

"வண்டியின் மேல்தகட்டில் மேடு பள்ளம் உண்டா என்று சோதிப்பது என் வேலை, ஐயா. வரிசை விளக்குகளின் ஒளியில் முதலில் கண்ணால் பார்ப்போம். பிறகு நூல் கையுறை அணிந்து தடவிப் பார்ப்போம். கண்ணுக்குத் தப்பிய பள்ளம் கைக்கு அகப்படும். கை காட்டிய பிறகு அதே பள்ளம் கண்ணுக்கும் தெரியும். முன்பு ஏன் தெரியாமற் போயிற்று என்று வியப்பாக இருக்கும்" என்றார் அவர்.

மெய், வாய், கண், மூக்கு, செவி என்னும் ஐந்தும் ஐந்து தனி வாயில்கள் என்று நாம் இளமையிலேயே மனப்பாடம் செய்கிறோம். தனித்தனி வாயில்களாயின், கை கண்டுபிடித்தது கண்ணுக்கு எவ்வாறு எட்டிற்று? நிறமும் மணமும் சுவையும் வெவ்வேறு வழியாக வந்து சேர, "இது ஒரே மாம்பழம்" என்று அவற்றை ஒன்றாக்குவது எது? இவ்வினாவின் வரலாறு மிகப் பழைமையானது. அதன் ஒரு பகுதி இந்த நெடுஞ்சாலையின் ஓரத்திலேயே நிகழ்ந்தது என்பதை இன்று உங்களுக்குக் கூற விழைகிறேன்.

தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் ஆறு வகைப்படுத்துகிறது. உடலால் தொட்டறிவது முதலாவது. நாவும் மூக்கும் கண்ணும் செவியும் ஒவ்வொன்றாக அதனோடு சேர்கின்றன. ஆறாவதாக மனம் வருகிறது. ஐந்து புலன்களின் வரிசையிலேயே மனத்தையும் ஓர் அறிவாக எண்ணியது கருதத்தக்கது.

வடமொழி நியாய சூத்திரத்தின் மூன்றாம் அத்தியாயம் இவ்வினாவை நேராகவே எடுத்துக்கொள்கிறது. கண்ணால் கண்ட அதே பொருளைக் கையாலும் தொட்டறிகிறோம். கண்ணுக்குத் தொடத் தெரியாது. கைக்குக் காணத் தெரியாது. ஆகவே இரண்டையும் அறிந்து ஒன்றாக்குபவன் ஒருவன் வேறாக இருத்தல் வேண்டும். அவனே ஆன்மா என்பது அந்நூலார் வாதம். புளிப்பான கனியைக் கண்டதுமே நாவில் நீர் ஊறுவதையும் அவர்கள் சான்றாகக் காட்டினர். புளியங்காயைப் பார்த்து வாயூறாத தமிழ்ப் பிள்ளை உண்டோ?

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து மேற்கே சென்றால் காஞ்சி மாநகர். அந்நகரில் மணிமேகலைக்கு அறவண அடிகள் அளவை நூல் கற்பிப்பதாக மணிமேகலைக் காப்பியத்தின் இருபத்தொன்பதாம் காதை அமைந்துள்ளது. காண்டலும் கருதலும் ஆகிய இரண்டே அளவைகள் என்னும் பௌத்தக் கொள்கை அதில் விளக்கப்படுகிறது. அக்கொள்கையை வகுத்த பேரறிஞர் திக்நாகர் காஞ்சியை அடுத்த ஊரிற் பிறந்தவர் என்று திபெத்திய மரபு கூறும். பொறியில் பட்ட கணத்தில் தோன்றும் காட்சிக்குப் பெயருமில்லை, இனமுமில்லை. அவற்றைச் சேர்த்து இன்ன பொருள் என்று சொல்வது மனத்தின் கற்பனையே என்பது அவர் கருத்து.

ஸ்ரீபெரும்புதூரிற் பிறந்த இராமாநுசர் இதற்கு மாறான வழியிற் சென்றார். மரபின்படி அவர் பிறந்தது 1017ஆம் ஆண்டு. காஞ்சிக்கு மேற்கே உள்ள திருப்புட்குழியில் யாதவப்பிரகாசரிடம் அவர் பயின்றார். பிற்காலத்தில் எழுதிய ஸ்ரீபாஷ்யத்தில், குணங்கள் யாவும் நீங்கிய வெறும் பொருளை எந்தக் காட்சியும் காட்டுவதில்லை என்று வாதிட்டார். ஒருவன் முதன்முதலாக ஒரு பசுவைக் காணும்போதே அதன் வடிவத்தையும் தொங்கும் அலைதாடியையும் பசுவோடு சேர்த்தே காண்கிறான். இரண்டாவது, மூன்றாவது பசுக்களைக் கண்ட பிறகே அவ்வடிவம் பசுக்கள் எல்லாவற்றுக்கும் பொது என்று உணர்கிறான். முதற் பார்வையும் சேர்த்துக் காணும் பார்வையே என்பது அவர் முடிபு. அவருடைய வாதம் பெரிதும் அத்துவைதிகளோடு நிகழ்ந்தது. குணங்கள் நிறைந்த இறைவனை நிலைநாட்டுவதே அவர் நோக்கம். எனினும் காட்சியைப் பற்றிய நுட்பமான ஆராய்ச்சி ஒன்று அதன் வழியே நமக்குக் கிடைத்தது.

மேலைநாட்டில் இதே வினா வேறு வடிவில் எழுந்தது. 1688இல் அயர்லாந்து அறிஞர் வில்லியம் மாலினோ ஜான் லாக்குக்கு ஒரு கடிதம் எழுதினார். பிறவியிலேயே பார்வையற்ற ஒருவர் உருண்டையையும் கனசதுரத்தையும் தடவிப் பிரித்தறியக் கற்றவர். அவருக்குத் திடீரெனக் கண் தெரிந்தால், தொடாமலே இது உருண்டை, இது கனசதுரம் என்று கூற இயலுமா? லாக் தம் நூலின் 1694ஆம் ஆண்டுப் பதிப்பில் இவ்வினாவைச் சேர்த்து, இயலாது என்று விடையும் கூறினார். முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக அறிஞர்கள் இதனை வாதிட்டனர்.

தெளிவான சோதனை நம் நாட்டிலேயே நடைபெற்றது. பவன் சின்கா என்னும் அறிவியலறிஞர் தொடங்கிய பிரகாஷ் திட்டம், பிறவிப் பார்வைக் குறையுள்ள சிறுவர்களுக்குச் சிகிச்சை அளித்து ஆராய்ந்தது. எட்டு வயது முதல் பதினேழு வயது வரையுள்ள ஐவரைப் பற்றிய முடிவு 2011இல் வெளியாயிற்று. சிகிச்சை முடிந்து இரண்டு நாளுக்குள் அவர்களைச் சோதித்தனர். கண்ணால் கண்ட வடிவத்தைக் கண்ணாலும், கையால் தொட்டதைக் கையாலும் நன்கு அடையாளம் கண்டனர். ஆனால், தொட்டறிந்த வடிவத்தைக் கண்ணால் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது ஏறக்குறைய குருட்டாம்போக்கில் சொல்வதுபோலவே விடை அமைந்தது. மீண்டும் சோதிக்க வாய்த்தவர்களோ, சில நாட்களிலேயே வியக்கத்தக்க முன்னேற்றம் பெற்றிருந்தனர். ஆன்மா உண்டா என்பதற்கு இச்சோதனை விடை தராது. கண்ணும் கையும் பழகித்தான் உறவாகின்றன, விரைந்தும் பழகுகின்றன என்பதை மட்டும் அது காட்டிற்று.

இனி என் பிழை ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரகடத்தில் என்னை வணங்கியவர் 1997இல் என் வகுப்பிலிருந்த மாணவர். நான் கரும்பலகையை நோக்கி எழுதிக்கொண்டே பாடம் சொல்வேன். அவர் பாதியை விட்டுவிடுவார். மீதியைப் பிழையாக எழுதுவார். கவனமில்லாத பிள்ளை என்று முடிவு கட்டிக் கடைசி வரிசையில் நிற்க வைத்தேன். சில திங்கள் கழித்து, மூத்த ஆசிரியை ஒருவர் என்னை அழைத்து, "அந்தப் பையன் காதால் மட்டும் கேட்பதில்லை, சார், பேசுபவர் வாயைப் பார்த்துக் கேட்கிறான். நீங்கள் முதுகைக் காட்டினால் அவனுக்குப் பாதிக் காது போய்விடுகிறது" என்றார். மருத்துவர் சோதித்தபோது செவிக்குறை இருந்தது உறுதியாயிற்று. அவரை முன்வரிசைக்கு அழைத்துக்கொண்டேன். முகம் பார்த்துப் பேசக் கற்றேன். ஆண்டு முடிவில் அவர் நன்றாகவே தேறினார். கடைசி வரிசையில் அவர் நின்ற திங்கள்களை மட்டும் என்னால் திருப்பிக் கொடுக்க இயலவில்லை.

ஆசிரியப் பயிற்சி பெற்ற நான் அறிந்திருக்க வேண்டிய செய்தி இது. இரைச்சல் மிகுந்தவிடத்துப் பேசுபவர் முகத்தைக் காண்பது சொற்களைப் புரிந்துகொள்ளப் பெரிதும் உதவுகிறது என்று சம்பி, போலாக் என்னும் இருவர் 1954இலேயே அளந்து காட்டினர். 1976இல் மக்கர்க், மெக்டொனால்டு என்போர் மற்றொன்று கண்டனர். 'அம்பு' என்பதில் வரும் பகர ஒலியைச் செவிக்குக் கொடுத்து, 'அங்கு' என்பதில் வரும் ககரத்துக்குரிய வாயசைவைக் கண்ணுக்குக் காட்டினால், பலர் 'வண்டு' என்பதிற்போன்ற டகரத்தைக் கேட்கின்றனர். செவியில் விழாத ஒலி, கண்ணும் செவியும் கூடியவிடத்துப் பிறக்கிறது! 2020இல் எல்லோரும் முகக்கவசம் அணிந்தபோது, எதிரிலிருப்பவர் பேச்சு புரியாமல் நாம் தடுமாறியதையும் நினைத்துப் பாருங்கள்.

அன்று நாற்சந்தியில் சரக்கு வண்டிகள் ஓயாது இரைந்துகொண்டிருந்தன. பழைய வழக்கப்படி அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். வயதினால் செவி மங்கிய நானும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். இருவருக்கும் பேச்சு நன்றாகவே விளங்கிற்று.

மாணவ நண்பர்களே, உங்கள் வகுப்பில் விடை சொல்லாத தோழன் ஒருவன் இருந்தால், அறிவில்லாதவன் என்று எண்ணிவிடாதீர்கள். அவனுக்கு எந்த வாயில் அடைபட்டிருக்கிறது, எந்த வாயில் திறந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். உங்களுள் ஆசிரியராகப் போகிறவர்களுக்கு ஒரு சொல்: எழுதி முடித்தபின் திரும்பி நின்று, பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துப் பேசுங்கள்.