பைனல் இயர் ப்ராஜெக்டும் ஒரு பெருச்சாளியும்

சொந்த ஊர் ஆரியங்கோடு என்று சொன்னால், "அது தமிழ்நாடா, கேரளாவா?" என்று இங்கே எல்லோரும் கேட்கிறார்கள். 1956-ல் விளவங்கோடு தமிழ்நாட்டோடு சேர்ந்தது, எங்கள் நெய்யாற்றின்கரை தாலுகா கேரளாவிலேயே நின்றுவிட்டது. அவ்வளவுதான் விஷயம் :-)

எல்லைக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ, இன்ஜினியரிங் பிள்ளைகள் கடைசி வருடம் ஒரு ப்ராஜெக்ட் செய்கிறார்கள். வைவா முடிந்ததும் பைண்டிங் போட்ட ரிப்போர்ட் பரணுக்குப் போய்விடும். இதனால் நாட்டுக்கு என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு ஒரு கதை இருக்கிறது.

2015 நவம்பரில் கோழிக்கோட்டில் பாதாளச் சாக்கடைக்குள் இறங்கிய இரண்டு தொழிலாளிகள் விஷவாயுவில் சிக்கினார்கள். காப்பாற்றப் போன ஆட்டோ ஓட்டுநர் நௌஷாத்தையும் சேர்த்து மூன்று பேர் இறந்தார்கள்.

அந்தக் காலகட்டத்தில் குற்றிப்புரம் எம்.ஈ.எஸ். பொறியியல் கல்லூரியில் விமல் கோவிந்தும் நண்பர்களும், மனிதன் உடம்பில் மாட்டிக்கொண்டு பாரம் தூக்குகிற எக்ஸோஸ்கெலிட்டன் கருவியைச் செய்து பார்த்தவர்கள். படிப்பு முடிந்து வேலைக்குப் போனவர்கள், அதை விட்டுவிட்டு வந்து ஜென்ரோபாட்டிக்ஸ் கம்பெனியைத் தொடங்கினார்கள். கேரள ஸ்டார்ட்அப் மிஷனும் குடிநீர் வாரியமும் கைகொடுக்க, 2018 பிப்ரவரியில் திருவனந்தபுரத்தில் 'பாண்டிகூட்' ரோபோ வந்தது. பெயருக்கு அர்த்தம் பெருச்சாளி. தெலுங்கின் 'பந்திகொக்கு' ஆங்கிலத்துக்குப் போய்த் திரும்பி வந்திருக்கிறது! மேலே நிற்பவர் திரையைப் பார்த்து இயக்க, கேமராவோடு கை கால்கள் உள்ள இயந்திரம் குழிக்குள் இறங்கிக் கசடை அள்ளுகிறது. அதே வருடம் இந்தியன் ஆயில் பணத்தில் கும்பகோணத்துக்கும் ஒன்று போனது.

பேங்க்காரன் கண்ணோடு பார்த்தால் ஒன்று புரிகிறது. மாணவனிடம் ஜாமீனும் கிடையாது, வரவு செலவுக் கணக்கும் கிடையாது. சாதாரண லோன் கிடைப்பது கஷ்டம். இவர்களுக்கு ஒரு நிஜப் பிரச்சினையும், ஆரம்ப உதவியும், முதல் வாடிக்கையாளரும் கிடைத்தார்கள். இந்த மூன்றும் இல்லையென்றால் அந்த அறிவும் பரணில்தான் கிடந்திருக்கும்.

செலவுக் கணக்கையும் பாருங்கள். சாக்கடையில் இறந்தவரின் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று உச்ச நீதிமன்றம் 2014-ல் சொன்னது. 2023-ல் அதை 30 லட்சமாக்கியது. பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் மனிதனை இறக்குவதற்கு 2013 சட்டம் தடை போட்ட பிறகும் சாவுகள் நிற்கவில்லை. இயந்திரம் கண்டுபிடித்தால் மட்டும் போதாது, நகராட்சிகள் வாங்கி இறக்கவும் வேண்டும்.

ஊரில் அண்ணன் பையனோ அக்கா பெண்ணோ கடைசி வருடம் படித்தால், போனில் மார்க்கை மட்டும் விசாரிக்காதீர்கள். "உன் ப்ராஜெக்ட் யாருடைய கஷ்டத்தைக் குறைக்கும்? முதலில் யார் வாங்குவார்கள்?" என்றும் கேளுங்கள். கடையில் காசு கொடுத்து வாங்கிய ரெடிமேட் ப்ராஜெக்டுக்கு இந்தக் கேள்விகளுக்குப் பதில் இருக்காது.