போல் ஜொயின்ட்

மோட்டார் வாகனத்தின் முன்சக்கர ஹப்பைச் சஸ்பென்ஷன் ஆமுடன் இணைக்கும் மூட்டு. தண்டின் நுனியிலுள்ள உருக்கு உருண்டை ஒரு கிண்ணத்துக்குள் சுழல்வதால், சக்கரம் மேலும் கீழும் அசையவும் இடமும் வலமும் திரும்பவும் முடிகிறது.

வரலாறு: தொடக்ககாலக் கார்களில் சக்கரம் திரும்ப இடமளிக்கும் வேலையைக் கிங்பின் என்ற செங்குத்து முளை செய்தது. திட அச்சுடைய லொறிகளில் இன்றும் அதுவே உண்டு. ஜெர்மனியரான ஃபிரிட்ஸ் ஃபௌடி 1922இல் நவீன போல் ஜொயின்டுக்குக் காப்புரிமை பெற்றார். இருந்தும் அது கார்களின் முன்சஸ்பென்ஷனில் பரவப் பல ஆண்டுகள் சென்றன. இலங்கையில் பெயர்பெற்ற மொறிஸ் மைனர் 1948இல் வெளிவந்தபோதும் டிரனியன் எனப்படும் மரையிட்ட மூட்டுகளையே கொண்டிருந்தது. கிரீஸ் தவறினால் மரை தேய்ந்து சக்கரம் மடங்கிவிடும். 1950இல் அறிமுகமான ஃபோர்ட் கொன்சலின் மக்பேர்சன் ஸ்ட்ரட்டில் (ஸ்பிரிங்கும் ஷொக் அப்சோர்பரும் சேர்ந்த தூண்) கீழ்மூட்டு போல் ஜொயின்டானது. 1952இல் அமெரிக்காவின் லிங்கன் மேல்மூட்டிலும் கீழ்மூட்டிலும் அதைப் பொருத்தியது. 1959இல் வந்த மினியில் மூட்டு தேய்ந்தால் மெல்லிய தகடுகளைக் குறைத்து மீண்டும் இறுக்கலாம்.

வகைகளும் ஆயுளும்: இரட்டை ஆம் அமைப்பில் ஸ்பிரிங் கீழ் ஆமில் அமர்ந்தால், கீழ்மூட்டே வாகனத்தின் பாரத்தைச் சுமந்து முதலில் தேயும். மாருதி 800 போன்ற ஸ்ட்ரட் கார்களில் பாரம் ஸ்ட்ரட் வழியே செல்வதால் கீழ்மூட்டு வழிகாட்டும் வேலையை மட்டும் செய்கிறது. பாரம் உருண்டையைக் கிண்ணத்துக்குள் அமுக்கும் மூட்டு, தேய்ந்தாலும் எளிதில் கழலாது. வெளியே இழுக்கும் மூட்டோ ஒரேயடியாகக் கழன்றுவிடலாம்.

கிரீஸ் நிப்பிள் உள்ளதில் பழைய கிரீஸோடு அழுக்கையும் வெளியேற்றலாம். ஆனால் வேளாவேளைக்குக் கிரீஸ் அடிக்க வேண்டும். பிளாஸ்டிக் கிண்ணமுடைய மூடிய வகைக்கு அந்தக் கவலையில்லை. அதன் ஆயுள் முழுவதும் றப்பர் உறையைப் பொறுத்தது. எடுத்துக்காட்டாக, இலங்கையில் மாதம்பையிலிருந்து றக்வான, சூரியகந்த வழியாகத் தெனியாயவுக்கு ஏறும் ஏ17 வீதியும், அதிலிருந்து பிரியும் தோட்டப் பாதைகளும் மழை மிகுந்த மலைப்பகுதியில் உள்ளன. இத்தகைய இடத்தில் உறை கிழிந்தால் சேறும் நீரும் உட்புகுந்து, உருண்டை துருப்பிடித்துக் கிண்ணத்தை அராவும். அப்போது மூட்டின் வடிவம் எதுவானாலும் ஆயுள் குறுகும்.

சோதனை: மூட்டின் மீதுள்ள பாரத்தை முதலில் நீக்க வேண்டும். கீழ் ஆமில் ஸ்பிரிங் இருந்தால் ஜக்கை அந்த ஆமின் அடியிலும், ஸ்ட்ரட் வகையில் சக்கரம் தொங்கும்படி பொடியின் அடியிலும் வைப்பார்கள். பின்னர் டயருக்கு அடியில் அலவாங்கை விட்டு நெம்பினால் தேய்ந்த மூட்டின் ஆட்டம் தெரியும்.